மூன்றாவது சத்தம்

இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்பது, "பகல் பன்னிரண்டு மணிக்கா?" என்றுதான். ஆமாம், பகல் பன்னிரண்டு மணிக்குத்தான். இருட்டு இல்லை, மழை இல்லை, எந்த நாயும் ஊளையிடவில்லை. செம்பூரில், ஏசி ஓடிக்கொண்டிருந்த ஓர் அறையில், டியூப் லைட் வெளிச்சத்தில், 2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் கதை கட்டுகிறவன் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் மான்குர்த்துக்குப் போய் காலித்தின் வலது கையைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

என் பெயர் சுடலைக்கண்ணன். ஆபீசில் கண்ணன். அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது தாராவி. நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். பொதுவாகவே எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும். அன்றைக்கு நடந்ததில் அந்த எரிச்சலுக்கும் பங்கு உண்டு என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்றைய வேலை சின்ன வேலைதான். கடைக்காரர்கள் மொத்தச் சரக்குக்கு ஆர்டர் போடும் ஆப் ஒன்றை நடத்தும் கம்பெனி, செம்பூரில் ஒரு பழைய தொழிற்பேட்டையில் சர்வர் அறை வைத்திருந்தது. உள்ளே நான்கு சர்வர்கள். அவற்றுக்கு முன்னால் லோடு பேலன்சர் என்று ஒரு பெட்டி. வருகிற ஆர்டர்களை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. நாலில் ஒருவர் படுத்துவிட்டால் அவருக்கு ஆர்டர் அனுப்பக் கூடாது அல்லவா? அதனால் பெட்டி ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு சர்வரையும் 'இருக்கியா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வர் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால், செத்துவிட்டது என்று குறித்துக்கொண்டு போனுக்கு அலாரம் அடிக்கும். அந்த அலாரத்தை அமைத்து, அது அடிக்கிறது என்று சோதித்துக் காட்டிவிட்டு வர வேண்டும். ஞாயிறு மார்க்கெட் லீவு, ஆர்டர் வராது. அதனால் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

கூட வந்தவன் காலித். கேபிள் வேலை அவனுடையது. குடும்பம் மேலப்பாளையம், பேச்சில் பாதி ஹிந்தி. கேபிள் முனையில் எட்டு வயர்களையும் வரிசைப்படுத்தி அழுத்துவதில் அவன் வலது கைக்கு இருந்த வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அந்தக் கையை நம்பித்தான் வீடு ஓடியது. அவன் மனைவி மெஹக்குக்கு அப்போது ஏழாம் மாதம். ஜூன் பிறந்ததும் அவனை நிரந்தரமாக்குவதாக எங்கள் மேனேஜர் அனந்த் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அன்றைக்கு ரொம்ப உற்சாகமாக இருந்தான். ஹார்பர் லைனில் மெகா பிளாக், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்று மான்குர்த்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தான்.

மணி 11.05. உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினான். "பாய், ஆயில் வாசனை வருது," என்றான். எனக்கும் வந்தது. மிஷினுக்குப் போடும் கறுப்பு ஆயில் வாசனை. பக்கத்துப் பட்டறையிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு பட்டறையும் திறந்திருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அறைக்கு வெளியே இரும்பு ஷட்டர். வாட்ச்மேன் யாசர் அதை முழுக்க மேலே தள்ளிவிட்டு கேட்டுக்குப் போய்விட்டார். உள்ளே தரை முழுக்கச் சதுரச் சதுரமாகப் பலகைகள். ஓர் அடி உயரக் கால்களின் மேல் நிற்கும் பொய்த் தரை அது. பலகையைத் தூக்கினால் கீழே கேபிள்கள் ஓடும், அதற்கும் கீழே பழைய சிமெண்ட் தரை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அந்த சிமெண்டில் நான்கு தடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஏதோ கனமான மிஷின் நின்ற இடம்.

11.40க்குள் நான்கு சர்வர்களுக்கும் அலாரம் வைத்து முடித்தேன். இனி சோதனை. இதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. ஓடுகிற சர்வரை நிறுத்திப் பார்க்க யாருக்கும் தைரியம் வராது. அதனால் பின்னால் எந்த மிஷினும் இல்லாத வெற்று முகவரி ஒன்றை 'டம்மி' என்று பெயர் வைத்துப் பட்டியலில் சேர்ப்போம். ஆளில்லாத வீட்டில் யார் பதில் சொல்வது? மூன்று கேள்வி, மூன்றுக்கும் பதில் இருக்காது, அலாரம் அடிக்கும். பிறகு டம்மியை அழித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

11.48க்கு டம்மியைச் சேர்த்தேன்.

திரையில் முதல் வரி வந்தது. பதில் இல்லை.

ஐந்து விநாடி கழித்து இரண்டாவது வரி. பதில் இல்லை.

மூன்றாவது வரி. பதில் வந்தது.

நான் முகவரியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். சரி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அழித்துவிட்டு வேறொரு வெற்று முகவரி போட்டேன். இல்லை... இல்லை... வந்தது. இன்னொன்று போட்டேன். இல்லை... இல்லை... வந்தது. மற்ற சர்வர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லும். இது ஒவ்வொரு தடவையும் நாலு விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. உள்ளறையில் படுத்திருப்பவர் எழுந்து வந்து பதில் சொல்ல ஆகும் நேரம்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

டங்.

இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். தரைக்கு அடியிலிருந்து வந்தது. நான் கடிகாரம் பார்த்தேன். பதினைந்து விநாடி கழித்து மறுபடியும் டங். திரையில் 'பதில் வந்தது' என்று விழும் அதே நொடியில். சந்தேகத்துக்குக் கேள்வியின் இடைவெளியை ஒரு விநாடியாகக் குறைத்தேன். சத்தமும் மூன்று விநாடிக்கு ஒன்றாகிவிட்டது. டங்... டங்... டங். மேஜையில் வைத்திருந்த பாட்டில் தண்ணீர் ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுங்கியது. மறுபடி ஐந்துக்கு மாற்றினேன்.

காலித் சிரிக்கவில்லை. எந்த கேபிளோ எங்கேயோ மாட்டியிருக்கிறது, நான் கழற்றிப் பார்க்கிறேன் என்றான். அந்த முகவரிகளுக்குப் போகும் கேபிளையே உருவிப் போட்டான். அதன் முனை அவன் கையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது திரையில் விழுந்தது.

பதில் வந்தது.

மணி 12.06. அனந்துக்குப் போன் போட்டேன். அவர் மாட்டுங்காவில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குள் கிளையண்டுக்கு ரிப்போர்ட் போயாக வேண்டும் என்றார். டம்மி சாக மாட்டேன் என்கிறது என்று நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. "மூணுன்னு இருக்கறதை ரெண்டாக்கிடேன் கண்ணா. ரெண்டு தடவை கேளு, இல்லைன்னா செத்ததுன்னு எழுது. யார் பாக்கப் போறா?"

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. எரிச்சல் தலைக்கேறியிருந்தது. காலித் மட்டும் வேண்டாம் என்றான். முதலில் அடியில் என்னவென்று பார்த்துவிடலாம் என்றான். போல்ட்டுகள் இருந்த இடத்துப் பலகையைத் தூக்கி, குப்புறப் படுத்து, வலது கையைத் தோள் வரை உள்ளே விட்டுத் துழாவினான். தான் பார்த்துச் சொல்லும் வரை எதையும் மாற்ற வேண்டாம் என்று படுத்தபடியே சொன்னான்.

நான் கேட்கவில்லை. 12.14க்கு மூன்றை இரண்டாக்கினேன். சேவ் அழுத்தினேன்.

பதில் இல்லை.

பதில் இல்லை.

திரையில் டம்மி சிவப்பானது. செத்தது. என் போன் அலறத் தொடங்கியது. அப்பாடா என்று எனக்கு வாயில் வந்தது.

காலித் கத்தினான்.

அப்படி ஒரு கத்தலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பினேன். அவன் உடம்பு ஒரே இழுப்பில் அரை அடி முன்னால் போனது. தோள் பலகைச் சட்டத்தில் மோதியது. டங். முகம் சட்டத்தின் விளிம்பில் அடித்தது. உதடு கிழிந்தது.

டங். மறுபடி அடித்தது. ஒரு பல் தெறித்து என் ஷூவின் பக்கத்தில் விழுந்தது.

அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் பலம் முழுக்கப் போட்டேன். அந்தப் பக்கம் இழுத்தது என்னைவிடப் பெரிய பலம்.

"கை... பாய், மேரா ஹாத்... கை..."

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தேன்.

அவன் கை சிமெண்டில் மல்லாந்து கிடந்தது. நான்கு போல்ட்டுகளுக்கும் நடுவில். அதன் மேல் ஒன்றுமே இல்லை.

டங்.

ஒன்றுமே இல்லாமல் அந்தக் கை நசுங்கியது. எலும்பு முறிவது என் காதுக்குக் கேட்டது. விரல்கள் விறைத்து நிமிர்ந்து, பிறகு துவண்டன. ரத்தம் போல்ட் வரைக்கும் பீறியடித்தது.

உதவிக்கு ஆளைக் கூப்பிட வாசலுக்கு ஓடினேன்.

ஷட்டர் தானாக இறங்கியது. இடி மாதிரி விழுந்தது.

வெளியே பூட்டு விழும் சத்தம்... க்ளக்.

உதைத்தேன். தோளால் மோதினேன். "யாசர் பாய்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் வரவில்லை. ஆயில் வாசனையில் மூச்சு முட்டியது. ஏசி நின்றுவிட்டது. போனில் அலாரத்தை அணைத்தேன். அணைத்ததும் தரைக்கு அடியில் இன்னும் வெறியாக அடித்தது. டங், டங், டங், டங். இடைவெளியே இல்லை. காலித்தின் கத்தல் முனகலாகிவிட்டது.

லேப்டாப்பில் மூன்று என்று மாற்றப் போனேன். திரை உடைந்து தரையில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் சத்தத்துக்கு, அதாவது முதல் தரம் கூப்பிட்டதற்கு, பேசவில்லை. இரண்டாவதுக்குப் பேசவில்லை. மூன்றாவதுக்குத்தான் பேசியது... இது மிஷின் செய்கிற வேலை இல்லை. எங்கள் ஆட்கள் செய்கிற வேலை. உச்சி நேரத்தில் வெளியே யாராவது கூப்பிட்டால் எங்கள் வீடுகளில் உடனே 'ஏன்' என்று பதில் குரல் கொடுக்க மாட்டார்கள். கூப்பிடுவது மனுசன்தானா என்று தெரியாது. மனுசன் என்றால் மூன்றாவது தரமும் கூப்பிடுவான். பேய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் சின்ன வயதிலிருந்து கேலி செய்த வழக்கம் அது.

அடியில் இருந்தது எங்கள் ஊர்க்காரர். நான் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுச் செத்தது என்று எழுதிவிட்டேன்.

மண்டியிட்டேன். ரத்தத்தில் முட்டி வழுக்கியது. அந்த ஓட்டைக்குள் குனிந்தேன்.

"அண்ணே."

டங்.

"அண்ணே."

டங்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாவது தரம் எச்சிலை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டேன்.

"அண்ணே... உள்ள இருக்கியளா?"

நின்றது.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. நான்கு...

கீழேயிருந்து ஆண் குரல். தண்ணீர் குடிக்காத வறண்ட குரல். நெல்லைப் பேச்சு.

"இந்தா... வாரேன். போயிராத."

காலித்தின் கை விடுபட்டது. இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். பலகைகள் ஒவ்வொன்றாக அழுந்தின. ஒன்று... அடுத்தது... அடுத்தது... வாசல் வரைக்கும். ஷட்டர் பாதி உயர்ந்தது. ஓர் ஆள் குனிந்து வெளியே போகிற அளவுக்கு.

மணி 12.19.

யாசர் ஓடி வந்தார். எங்கள் கத்தல் எதுவும் அவருக்குக் கேட்கவில்லையாம். ஷட்டர் இறங்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். காலித்தை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, எந்த பிரஸ் மிஷினில் மாட்டியது என்பதுதான். மிஷின் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தோலில் கதவுக் கீல் தகட்டின் வடிவம் அச்சாகப் பதிந்திருந்தது. திருகாணி போடும் மூன்று ஓட்டைகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அன்று மாலையே மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

அனந்த் ஐந்து மணிக்கு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மெஹக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அனந்த் என்னிடம் ரிப்போர்ட் சேவ் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அறைந்தேன். இரண்டு வார்ட்பாய்கள் வந்து பிரித்தார்கள். ஆனால் உண்மையில் நான் அறைந்திருக்க வேண்டியது என்னைத்தான். காலித் வேண்டாம் என்றுதான் சொன்னான். மாற்றியது என் விரல். கம்பெனி, சர்வர் வைக்கும் இரும்பு ரேக் சரிந்து விபத்து என்று எழுதிக்கொண்டது. நான் வேலையை விட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்து யாசரைப் பிடித்து உலுக்கியதில் கொஞ்சம் சொன்னார். சர்வர் அறை வருவதற்கு முன்னால் அங்கே கீல், தாழ்ப்பாள் அடிக்கும் பவர் பிரஸ் பட்டறை இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவித் தமிழ் ஆள் ஒருவர் பிரஸ்ஸில் கை மாட்டிச் செத்துப்போனார். லீவு நாளில் வேலை நடப்பது தெரியக் கூடாது என்று முதலாளி ஆளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தான். வீட்டில் என் மனைவி மாலதியிடம் இதைச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது சுயம்பு அண்ணன். அவர் மனைவி பேராச்சி அக்கா இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறாள், மாட்டுங்காவில் சமையல் வேலைக்குப் போகிறாள் என்றாள்.

போகவா வேண்டாமா என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அக்காவுக்கு லீவு நாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மாடி அறை. தகரக் கதவு. பேராச்சி அக்கா காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நான் முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு அவிய சோத்துச் சட்டிய மறந்துட்டுப் போயிட்டாவ. நான் அந்தப் பட்டறைக்கு அதுக்கு முன்ன போனதே இல்ல தம்பி. உச்சி நேரம். ஷட்டர்ல வெளிப்பூட்டு தொங்குச்சு. ரெண்டு தரம் கூப்பிட்டேன். பேச்சு மூச்சு இல்ல. எங்கயோ சாப்பிடப் போயிருப்பாவன்னு திரும்பிட்டேன்."

கை மாட்டிய பிறகும் சாயங்காலம் நாலு மணி வரை உயிர் இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"மூணாவது சத்தத்துக்குத்தான் அவிய ஏன்னு கேப்பாவ. எனக்கு அது தெரியும். நான் வருவேன்னு அவியளுக்குத் தெரியாதுல்லா. பூட்டுன எடத்துல உச்சியில எங் கொரலு கேட்டா, பேயின்னுதான நெனச்சிருப்பாவ..."

மூன்றாவது தரம் நான் கூப்பிட்டபோது அந்தக் குரல் சொன்னதைச் சொன்னேன். இந்தா வாரேன், போயிராத.

அவள் நறுக்கிய காயை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அது ஒனக்குச் சொன்னது இல்ல தம்பி."

பிறகு எனக்கு அது நடந்த ஞாயிறு என்ன தேதி என்று கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, சரியாக உச்சி நேரத்துக்கு, அவள் வாசலில் யாரோ வந்து நிற்கிறார்களாம். தகரக் கதவில் டங் என்று ஒரு தட்டு. அப்புறம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல். இரண்டே தரம்தான். பிறகு இறங்கிப் போய்விடும்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பேசாம இருக்கேன். மூணாவது சத்தம் வரட்டும், தொறந்துருவேன்."

அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். இரண்டு தட்டுகளைக் கழுவி எடுத்து வைத்தாள். எனக்காகவோ என்று பார்த்தேன். நேரமாகிறது, நீ கிளம்பு என்று சொல்லிவிட்டாள்.

நான் கிளம்பிவிட்டேன். கூட இருந்திருக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது. ஏணிப்படியில் இறங்கும்போது யாரோ மேலே ஏறுவதற்காக ஒதுங்கி நின்று வழிவிட்டேன். ஆயில் வாசனை அடித்தது. படியில் யாரும் இல்லை. போனில் மணி 11.58.